ஸ்கிம்மருக்கு வெளிக்காற்று: தலவாக்கலைக் குளிரில், தேயிலை மலையின் ஓரத்தில் இது சரிவருமா?

மலைக்கடல் (தலவாக்கலை) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலை நகரிலிருந்து சற்று விலகி, தேயிலை மலையை ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டில் ஒன்றரை ஆண்டாக 300 லீற்றர் பவளத் தொட்டி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். பெரும்பாலும் மென்பவளங்கள்தான், அவற்றுடன் நண்பர் ஒருவர் தந்த சில கற்பவளத் துண்டுகளும், ஒரு சோடி கோமாளி மீன்களும், ஓர் இறாலும் இருக்கின்றன. காரத்தன்மை 8.5 டீகேஎச் அளவில் நிலையாக இருந்தும், பீஎச் பெறுமானம் விடியற்காலையில் 7.7க்கு இறங்கிவிடுகிறது, மாலையில், விளக்குகள் பல மணி நேரம் எரிந்த பிறகுகூட, 7.95ஐத் தாண்டுவதில்லை. கற்பவளங்கள் உயிரோடு இருக்கின்றனவே தவிர வளரவில்லை.

வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம். அம்மாவுக்கு இழுப்பு இருப்பதால் மாலை ஐந்து மணிக்கே ஜன்னல்களையெல்லாம் அடைத்துவிடுவோம். குசினியில் எரிவாயு அடுப்போடு விறகு அடுப்பும் எரிகிறது. ஆகவே வீட்டுக்குள் தேங்கும் காபனீரொட்சைட்டு நீரில் கரைந்து பீஎச்சை இறக்குவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஸ்கிம்மரின் (காற்றை இழுத்து நுரையெழுப்பி நீரிலுள்ள கழிவை நீக்கும் கருவி) காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டால் போதும் என்று பல இடங்களில் வாசித்தேன். ஆனால் அப்படி எழுதியவர்கள் எல்லோரும் வெப்பமான ஊர்களிலோ பெருநகரங்களிலோ இருப்பவர்கள். இங்கே தை, மாசி மாதங்களில் இரவில் வீசும் காற்று தொட்டியைக் குளிர வைத்துவிடாதா? பனிமூட்டத்தின் ஈரம் குழாய்க்குள் போனால் என்ன ஆகும்? தொட்டியிலிருந்து வெளிச்சுவருக்கு 4 மீற்றர் தூரம். அவ்வளவு நீளக் குழாயில் காற்று சரியாக வருமா? செலவு செய்வதற்கு முன்னர் உங்கள் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

பண்டாரவளைப் பவளம்:

குழாய் வாங்குவதற்கு முன்னர் ஒரு சிறு சோதனை செய்துவிடுங்கள். அதற்கு ஒரு மணி நேரமும் மிகச் சிறிய காற்றுப் பம்ப் ஒன்றும் போதும். தொட்டி நீரிலிருந்து இரண்டு பாத்திரங்களில் ஒவ்வொரு லீற்றர் எடுத்து, ஒன்றை வீட்டுக்குள்ளும் மற்றதை வாசலுக்கு வெளியேயும் வைத்து, காற்றுக்கல் போட்டு ஒரு மணி நேரம் குமிழிவிட்ட பின்னர் இரண்டின் பீஎச்சையும் அளந்து பாருங்கள். வெளியே வைத்த நீரில் பெறுமானம் நன்றாக உயர்ந்து, உள்ளே வைத்தது அசையாமல் நின்றால், குற்றம் வீட்டுக் காற்றில்தான். இரண்டும் ஒரே அளவில் உயர்ந்தால் வீட்டுக் காற்றில் குறையில்லை, தொட்டியில் காற்றோட்டமும் மேற்பரப்பு அலைவும் போதவில்லை என்று பொருள். அப்போது குழாய் போட்டும் பயனில்லை. இரண்டுமே உயராவிட்டால் காரத்தன்மை அளவீட்டையும் பீஎச் மானியையும் சந்தேகியுங்கள். மானியை அளவுத் திரவங்களில் புதிதாகச் சரிபார்த்த பிறகே இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டும். என்னுடைய மானி 0.2 குறைத்துக் காட்டியது தெரியாமல் நான் இரண்டு மாதங்களை வீணாக்கினேன்.

குறிஞ்சிநீர் (நுவரெலியா):

நான் 1868 மீற்றர் உயரத்தில் ஆறு ஆண்டுகளாக இந்த ஏற்பாட்டை வைத்திருக்கிறேன் என்பதால், உங்கள் கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் குளிர். உங்கள் ஸ்கிம்மர் மணிக்கு 500 லீற்றர் காற்றை இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 5 பாகை செல்சியஸில் நுழைந்து 25 பாகைக்குச் சூடாவதற்கும், போகும் வழியில் ஈரத்தை ஏற்றுக்கொள்வதற்கும் செலவாகும் வெப்பத்தைக் கணக்கிட்டால் மொத்தம் 10 வாற்றுக்குள்தான் வருகிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது நீர் ஆவியாவதற்குப் போவது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர். உங்கள் தொட்டியில் 200 வாற்று ஹீற்றர் இருக்குமானால் இந்த இழப்பை அது உணரவே உணராது. தொட்டியைக் குளிர வைப்பது அறையின் குளிரே. குழாய்க் காற்று அல்ல.

அடுத்து, எவ்வளவு பயன் கிடைக்கும் என்பது. இன்று வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்துக்கு 420 பங்கு அளவில் இருக்கிறது. ஆட்கள் உறங்கும், அடைத்த வீட்டில் அது 1500ஐத் தாண்டுவது அதிசயமன்று. காரத்தன்மை மாறாதிருக்க, நீருடன் சமநிலையிலுள்ள காபனீரொட்சைட்டு இரட்டிப்பானால் பீஎச் ஏறத்தாழ 0.3 இறங்கும். ஆகவே உள்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் நான்கு மடங்கு வேறுபாடு இருந்தால், கொள்கையளவில் 0.5க்கு மேல் இடைவெளி உண்டு. அது முழுவதும் உங்களுக்குக் கிடைக்காது. ஏனென்றால் தொட்டியின் மேற்பரப்பும் சம்ப்பும் (வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத் தொட்டி) இன்னும் அறைக்காற்றைத்தான் சுவாசிக்கின்றன. பாதி கிடைத்தாலே பெரிய விடயம்.

மலைநாட்டவருக்கு மட்டும் உரிய ஒரு செய்தியும் இதில் உண்டு. உயரம் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. நுவரெலியாவில் அது கடல்மட்டத்தின் 80 சதவீதமளவில்தான் இருக்கிறது, தலவாக்கலையில் 87 சதவீதமளவில். காபனீரொட்சைட்டின் பகுதியமுக்கமும் அதே விகிதத்தில் குறைவதால், கொழும்பில் ஒருவர் வெளிக்காற்றால் பெறும் பீஎச்சைவிட நாம் சற்றுக் கூடுதலாக, நுவரெலியாவில் ஏறத்தாழ 0.1 அளவுக்கு, பெற முடியும். அதே காரணத்தால் நீரில் கரையும் ஒட்சிசனும் குறைகிறது என்பதை மறக்கக் கூடாது. ஆகவே மலைநாட்டில் ஸ்கிம்மரை நீருக்குக் காற்றூட்டும் கருவியாகவும் பார்க்க வேண்டும். மின்சாரம் நீண்ட நேரம் நின்றுவிட்டால் மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்ப் ஒன்று கையில் இருப்பது கட்டாயம்.

குழாய்தான் பெரும்பாலானோர் தவறுவிடும் இடம். ஸ்கிம்மரின் காற்று வாயில் பொருந்துகிறது என்பதற்காக 6 மில்லிமீற்றர் ஹோஸையே 4 மீற்றருக்கும் இழுத்துவிடுகிறார்கள். காற்று திணறுகிறது, நுரை தாழ்கிறது, ஸ்கிம்மர் பழுதாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். குழாயின் உள்விட்டத்தை இரட்டிப்பாக்கினால் உராய்வால் ஏற்படும் அழுத்த இழப்பு ஏறத்தாழ பதினாறில் ஒன்றாகிவிடும். ஆகவே மின்கம்பி இழுக்கப் பயன்படும் பீவீசீ குழாயில் அரை அங்குலம் அல்லது முக்கால் அங்குலம் எடுத்துச் சுவர் வரை கொண்டுபோய், கடைசி அரை மீற்றரில் மட்டும் மெல்லிய ஹோஸுக்கு மாறுங்கள். வளைவுகளைக் குறையுங்கள். பித்தளை மூட்டுகள் எங்கும் வேண்டாம். உப்பு அவற்றை அரித்துச் செம்பைத் தொட்டிக்குள் கொண்டுவரும்.

குழாய் ஸ்கிம்மரிலிருந்து புறப்பட்டதும் முதலில் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே ஏற வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் நிற்கும் வேளையில் நீர் குழாய்க்குள் புகுந்து வெளியே வழிந்துவிடலாம். பின்னர் வெளிப்பக்கம் நோக்கி மெல்லச் சரிந்திருக்க வேண்டும். பம்ப் நிற்கும்போது ஸ்கிம்மரின் ஈரக்காற்று குளிர்ந்த குழாய்க்குள் ஏறித் துளிகளாகப் படியும். பனிமூட்டத்தின் நுண்துளிகளும் உள்ளே வரும். சரிவு இருந்தால் இரண்டும் வெளியே வடிந்துவிடும். வாய் கீழ்நோக்கி, தாழ்வாரத்தின் கீழ், தரையிலிருந்து இரண்டு மீற்றர் உயரத்திலாவது இருக்கட்டும். விறகு அடுப்பின் புகைபோக்கிக்கு எதிர்ப்பக்கம் அமைவது அவசியம். வாயில் பிளாஸ்ரிக் வலை கட்டுங்கள். என் வீட்டில் ஒரு முறை குளவி மண்கூடு கட்டிக் குழாயையே அடைத்துவிட்டது.

ஸ்கிம்மரின் காற்று வாயில் உப்பு படிவது எப்படியும் நடக்கும். மாதம் ஒரு முறை வெந்நீரில் கழுவினால் போதும்.

பழைய கொழுந்து (கொட்டகலைப் பக்கம்):

குறிஞ்சிநீர் எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தம்பி, நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முதலில் கேட்பேன்: உங்கள் ஜன்னலுக்கும் தேயிலைக்கும் எத்தனை அடி? நான் முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் வேலை பார்த்தவன்; மருந்து அடிக்கும் ஆட்களோடு மலையில் நின்றவன். அதனால்தான் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

தேயிலையில் கொப்புள நோய் 1946ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்ததிலிருந்து, மழையும் பனிமூட்டமும் நிறைந்த மாதங்களில் செப்பு கலந்த பங்கசுநாசினிகளைத் தெளிப்பது மலைநாட்டுத் தோட்டங்களில் வழக்கமாக இருந்துவருகிறது. அந்தச் செப்பு தேயிலைக்கு நல்லது. பவளத்துக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. மீன்களின் ஒட்டுண்ணி நோய்க்கு மருத்துவத் தொட்டியில் இடும் செப்பின் அளவே லீற்றருக்கு 0.15 மில்லிகிராம் முதல் 0.2 வரைதான், அந்த அளவில் முதுகெலும்பில்லாத உயிர்கள் பிழைப்பதில்லை. 300 லீற்றருக்கு அது வெறும் 45 மில்லிகிராம் செப்பு என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் ஸ்கிம்மரோ ஒரு நாளில் 12,000 லீற்றர் காற்றை நீருடன் கலக்கிறது. ஒரு நாளைய தெளிப்பில் அவ்வளவு செப்பும் குழாய் வழியே வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வந்தது கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு தங்கும், பருவத்துக்குப் பருவம் சேரும். அதைவிட விரைவாகக் கொல்லக்கூடியவை மரக்கறித் தோட்டங்களில் அடிக்கும் பூச்சிகொல்லிகள். இறால்கள் பூச்சிகளுக்கு உறவான உயிர்கள். பூச்சியைக் கொல்வது இறாலையும் கொல்லும்.

காபன் வடிகட்டி வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். உயிர்ப்பூட்டிய காபன் புகையின் மணத்தையும் பல கரிம ஆவிகளையும் பிடிக்கும், ஆகையால் வையுங்கள். ஆனால் துளியாக மிதந்து வரும் செப்பை அதை நம்பி விட முடியாது, பனியில் நனைந்துவிட்டால் காற்றையும் அடைக்கும். சரியான வழி எளிமையானது. ஸ்கிம்மருக்கு அருகில் ஒரு மூவழி வால்வு பொருத்துங்கள். மருந்து அடிக்கும் நாளில் வெளிக்காற்றை அடைத்து உள்காற்றுக்குத் திருப்புங்கள். இரண்டு மூன்று நாட்கள் பீஎச் 7.8இல் கிடந்தால் எந்தப் பவளமும் சாகாது. உங்கள் பக்கத்து மலையில் எப்போது மருந்து அடிக்கிறார்கள் என்பதைக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டால் மறுக்காமல் சொல்வார்.

திரும்பவும் வெளிக்காற்றைத் திறப்பது எப்போது என்று தெரிந்துகொள்ள, குழாய் வாய்க்கு அருகே தினமும் இரவில் சுத்தமான பிளாஸ்ரிக் தட்டு ஒன்றை வையுங்கள். காலையில் அதில் சேரும் பனிநீரைத் தொட்டிக்கு வைத்திருக்கும் செப்புச் சோதனைப் பெட்டியால் சோதியுங்கள். செப்பைப் பொறுத்தவரை, நிறம் வராத நாள்தான் திறக்கும் நாள்.

இன்னொன்று. அடைத்த வீட்டில் விறகு எரிவது பவளத்தைவிட உங்கள் அம்மாவின் நெஞ்சுக்குத்தான் அதிக கேடு. குசினிக் கதவை அடைத்து, குசினி ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைக்கச் சொல்லுங்கள்.

மகாவலிக்கரை (கண்டி):

தேயிலைக்கு இவ்வளவு அருகிலிருந்தால் நான் வெளிக்குழாயே போடமாட்டேன். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சும் சோடாச் சுண்ணாம்பு நிரப்பிய கலனை ஸ்கிம்மரின் காற்று வாயில் இணைத்து, ஸ்கிம்மர்க் கிண்ணத்தின் மூடியிலிருந்து வெளியேறும் காற்றையே திருப்பி அதற்குள் அனுப்பினால், அறைக்காற்று மிகக் குறைவாகவே தேவைப்படும்; சுண்ணாம்பும் நீண்ட நாள் உழைக்கும். வெண்மை ஊதாவாக மாறும்போது மாற்ற வேண்டும். செலவு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆவியாகும் நீருக்குப் பதிலாகக் கல்சியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை இரவில் துளித்துளியாகச் சேர்ப்பதும் உதவும். அது காபனீரொட்சைட்டை உறிஞ்சிக் கல்சியத்தையும் காரத்தன்மையையும் தருகிறது. நிறைவுற்ற கரைசலின் பீஎச் 12.4 என்பதால் அவசரம் கூடாது. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பும் அதே பொருள்தானே என்று கடையில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் வேறு என்னென்ன கலந்திருக்கின்றன என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

மலைக்கடல்:

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சோதனையில் வெளியே வைத்த நீர் ஒரு மணி நேரத்தில் 8.2க்கு உயர்ந்தது, உள்ளே வைத்தது 7.78இல் நின்றுவிட்டது. ஆகவே முக்கால் அங்குலக் குழாயை, சமையல் புகை வராத கிழக்குச் சுவர் வழியாக, வெளிச்சரிவோடு பொருத்தினேன். முதல் இரண்டு நாட்கள் நுரை பொங்கிக் கிண்ணம் நிரம்பி வழிந்தது. ஸ்கிம்மரின் நீர்மட்டத்தைக் குறைத்ததும் அடங்கியது. இப்போது விடியற்காலையில் 7.98, மாலையில் 8.2. ஹீற்றர் முன்பைவிட அதிக நேரம் எரிவதாகத் தெரியவில்லை. மகாவலிக்கரை அவர்கள் சொன்ன சோடாச் சுண்ணாம்பை மழைக்காலத்துக்கென்று யோசித்து வைத்திருக்கிறேன்.

பழைய கொழுந்து ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். எங்கள் ஜன்னலுக்கும் முதல் தேயிலை வரிசைக்கும் இடையில் நாற்பது அடிகூட இல்லை; அதை நான் ஆபத்தாக எண்ணியதே இல்லை. கணக்கப்பிள்ளை முதல் நாள் மாலையே தொலைபேசியில் சொன்னார், வால்வை உட்பக்கம் திருப்பினேன். மறுநாள் காலை தட்டில் சேர்ந்த பனிநீரில் செப்புச் சோதனையின் நிறம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாம் நாள் மங்கலாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் நீர் நிறமின்றி நின்றதைப் பார்த்த பிறகே வால்வை வெளிப்பக்கம் திருப்பினேன்.