பேரூராட்சித் தண்ணீர்: 70 லிட்டரா, 135 லிட்டரா?

மேட்டுத்தெரு:
"ஆளுக்கு தினமும் 135 லிட்டர் வரவேண்டும், மீதியைப் பேரூராட்சி தின்கிறது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். வாய்க்கு வந்ததை எழுதக் கூடாது. 135 என்பது பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு. குழாய் மட்டும் உள்ள நம்ம மாதிரி ஊருக்கு மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேட்டில் 70தான்.

ஏரிக்கரை:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். பாதாளச் சாக்கடை வரப்போகிற ஊருக்கும் 135 என்று அதே கையேட்டில் இருக்கிறதே, அதை ஏன் முழுங்கிவிட்டீர்கள்? எங்கள் தெருவில் நாலு நாளைக்கு ஒருமுறை நூல் மாதிரி ஒழுகுகிறது.

மேட்டுத்தெரு:
நமக்கு எந்தத் திட்டம் போட்டார்கள்? 70தான். தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்ததே போர் தண்ணீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற புளோரைடு இருப்பதால்தான். இப்போது நம்ம ஊர் மேல்நிலைத் தொட்டியில் அதே போர் தண்ணீரைக் கலந்து விடுகிறார்கள். கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். கேட்பதென்றால் அதைக் கேளுங்கள்.

குழாயடி:
அண்ணே, முதலில் மோட்டாரைப் பற்றிப் பேசுங்கள். தண்ணீர் விடுகிற அன்று ஏரிக்கரைத் தெருவில் வீட்டுக்கு வீடு குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்கள். கடைசி வீட்டில் இருக்கிற எங்களுக்கு வெறும் காற்றுதான்.

ஏரிக்கரை:
மேட்டுத்தெருவில் மோட்டாரே இல்லையாக்கும்! தொட்டிக்குப் பக்கத்துத் தெரு, வால்வு திறக்கிறவர் உங்கள் சொந்தக்காரர், அப்புறம் ஏன் 70 போதும் என்று பேசமாட்டீர்கள்?

மேட்டுத்தெரு:
சொந்தக்காரரை இழுக்காதீர்கள். அந்த மனுஷன் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து போய் வால்வு திறக்கிறார். மோட்டார் போட்டு உறிஞ்சினால் லைனில் அழுத்தம் போய், விரிசல் விட்ட இடத்தில் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வரும். உங்கள் தெருக் குழாய் சாக்கடைக்குள்ளேயே போகிறது, போய்க் குனிந்து பாருங்கள். அதைத்தான் குடிக்கிறீர்கள். நான் 70 போதும் என்று எங்கே சொன்னேன்? கணக்கு 70 என்றேன்.

குழாயடி:
போன உள்ளாட்சித் தேர்தலில் மூன்று மாதத்தில் புது லைன் என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்ததும் இதே மேட்டுத்தெருக்காரர்தான். மறந்துவிட்டோம் என்று நினைப்பா?

மேட்டுத்தெரு:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன். 70.

ஏரிக்கரை:
போடுங்கள். 135 இருக்கிற வரியை வெட்டாமல் போடுங்கள்.