ஜிங்க் சல்பேட்: புள்ளிக்கு அப்புறம் வரும் 7-ஐ எப்படி எண்ணுவது?

நீடாமங்கலம் மாணவி:
பதினோராம் வகுப்பு படிக்கிறேன். மோல் கணக்கில் யூரியா வரைக்கும் வந்துவிட்டேன். கார்பன் 1, ஆக்ஸிஜன் 1, அடைப்புக்குறிக்குள் இருக்கும் என்-எச்-2 இரண்டு தடவை. மொத்தம் 8 அணு. நடவுக்காக அப்பா வாங்கி வைத்திருக்கும் ஜிங்க் சல்பேட்டில்தான் மாட்டிக்கொண்டேன். அதன் வாய்பாடு ZnSO₄·7H₂O: சல்பேட்டுக்குப் பிறகு ஒரு புள்ளி, 7, தண்ணீர். அந்த 7 ஹைட்ரஜனுக்கு மட்டுமா? புள்ளி என்றால் பெருக்கலா? பையில் துத்தநாகம் (ஜிங்க்) 21 சதவீதம் என்று போட்டிருக்கிறது. தண்ணீரை விட்டுவிட்டுப் போட்டால் எனக்கு 40 வருகிறது.

உரக்கடைக்காரர், பாபநாசம்:
புள்ளி பெருக்கல் இல்லை பாப்பா, கூட்டல். ஒரு ஜிங்க் சல்பேட், அதோடு ஏழு தண்ணீர். 7 முன்னால் நிற்பதால் தண்ணீர் மூலக்கூறு முழுசையும் பெருக்கும்: ஹைட்ரஜன் 14, ஆக்ஸிஜன் 7. சல்பேட்டில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் 4 இருக்கிறது, ஆக 11. பரீட்சையில் பாதிப் பேர் கோட்டை விடுவது இந்த 11-ல்தான். துத்தநாகம் 1, கந்தகம் 1. மொத்தம் 27 அணு.

இனி எடை. துத்தநாகம் 65.4, கந்தகம் 32.1, நாலு ஆக்ஸிஜன் 64, ஏழு தண்ணீர் 126. ஒரு மோல் 287.5 கிராம். 65.4-ஐ அதால் வகுத்தால் 22.7 சதவீதம். அது சுத்தமான உப்புக்கு. பையில் இருப்பது குறைந்தபட்ச உத்தரவாதம், அதனால் 21.

ஏக்கருக்கு 10 கிலோ போடுவீர்கள். 10,000-ஐ 287.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 34.8 மோல். அவகாட்ரோ எண்ணால் (ஒரு மோலில் இருக்கும் மூலக்கூறுகள், 6.022 × 10²³) பெருக்கினால் மூலக்கூறுகள், அதை 27-ஆல் பெருக்கினால் அணுக்கள்: சுமார் 5.66 × 10²⁶. கேட்காமலே ஒன்று சொல்கிறேன், அப்பாவிடம் டிஏபியோடு (டைஅம்மோனியம் பாஸ்பேட் உரம்) கலந்து போட வேண்டாம் என்று சொல். பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். மணலில் கலந்து தூவட்டும்.

திருத்துறைப்பூண்டி விவசாயி:
அண்ணே, 33 சதவீதம் போட்ட பையும் விற்கிறார்களே, அது உசத்தியா?

உரக்கடைக்காரர், பாபநாசம்:
உசத்தி, மட்டம் எல்லாம் இல்லை தம்பி. அதில் ஏழுக்குப் பதில் ஒரே தண்ணீர். மோல் எடை 179.5-ஆக இறங்கிவிடும், துத்தநாகம் அதே 65.4. கணக்கில் 36 வரும், பையில் 33 என்று போடுவார்கள். 21 போட்டதில் 10 கிலோ தூவுகிற இடத்தில் இது 6.4 கிலோ போதும். பை விலையைப் பார்க்காதீர்கள், ஒரு கிலோ துத்தநாகம் என்ன விலைக்கு வருகிறது என்று பாருங்கள். என் கடையில் வாங்கினாலும் அப்படித்தான்!

நீடாமங்கலம் மாணவி:
நன்றி ஐயா. அப்போ ஜிப்சத்தில் புள்ளிக்கு அப்புறம் 2 தண்ணீர். கால்சியம் 1, கந்தகம் 1, ஆக்ஸிஜன் 6, ஹைட்ரஜன் 4. பன்னிரண்டு தானே?

உரக்கடைக்காரர், பாபநாசம்:
பன்னிரண்டேதான். மோல் எடை 172 வருகிறதா பார்.