கொரிய கேங்ஸ்டர் படங்களைப் பாளையங்கோட்டையில் திரையிடலாமா?

பாளைவாசி:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு படம் திரையிட்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேசி வருகிறோம். வருபவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். அடுத்து ஒரு கொரிய கேங்ஸ்டர் படம் போடலாம் என்று அவர்கள் கேட்டபோது, எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் கடுமையாக மறுத்துவிட்டார். சாதிப் பகைக்கும் பழிக்குப்பழி வெட்டுக்கும் இளம்பிள்ளைகளை இழந்துகொண்டிருக்கும் ஒரு மாவட்டத்தில், மனிதனை மனிதன் குத்திக் கிழிப்பதை நாமே கூட்டம் கூட்டிக் காட்ட வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

அதை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. 2010இல் வந்த 'தி எல்லோ சீ' படத்தில் கோடரிக்கும் கத்திக்கும் ஓய்வே இல்லை. 2013இல் வந்த 'நியூ வேர்ல்ட்', பிடிபட்ட ஒருவன் வாயில் சிமெண்ட் கரைசலை ஊற்றி, டிரம்மில் அடைத்துக் கடலில் தள்ளுவதில்தான் தொடங்குகிறது. இப்படங்கள் வன்முறையைக் கண்டிக்கின்றனவா, அல்லது கண்டிப்பதுபோல் பாவனை செய்து அதையே விற்கின்றனவா? பார்த்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

குறுக்குத்துறையான்:

தம்பி, நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொலை வழக்குக் கட்டுகளைப் புரட்டிப் பழகியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் கத்தியைப் பற்றி. தென்கொரியாவில் தனியார் துப்பாக்கி வைத்திருக்கக் கடும் கட்டுப்பாடு உண்டு. வேட்டைத் துப்பாக்கியைக்கூடக் காவல் நிலையத்தில்தான் ஒப்படைத்து வைக்க வேண்டும். ஆகவே அந்நாட்டுப் படங்களில் ரௌடிகள் மீன் வெட்டும் கத்தியோடும் பேஸ்பால் மட்டையோடும்தான் மோதுகிறார்கள். கொல்பவன் சாகிறவனின் மூச்சுக்காற்று படும் தூரத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. வேலையும் ஒரே குத்தில் முடிவதில்லை. 'தி எல்லோ சீ'யில் ஓர் இளம் போலீஸ்காரன் பதற்றத்தில் சுடும் குண்டு இன்னொரு போலீஸ்காரர் மீதே பாய்கிறது. வீரம் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஆனால் உங்கள் மாணவர்களுக்கு நான் காட்ட விரும்புவது அந்தப் படத்தை அல்ல. 2012இல் யூன் ஜோங்-பின் இயக்கி, சோய் மின்-சிக் நடித்த 'நேம்லெஸ் கேங்ஸ்டர்'. கதை 1982இல் பூசான் துறைமுகச் சுங்க அலுவலகத்தில் தொடங்குகிறது. நாயகன் ரௌடி அல்ல, லஞ்சம் வாங்கும் அரசு ஊழியன். வேலைக்கு ஆபத்து வந்த நேரத்தில் கையில் சிக்கிய கடத்தல் போதைப்பொருளை விற்பதற்காக, ஒரு ரௌடித் தலைவனிடம் போகிறான். போன இடத்தில், இருவரும் ஒரே ஊர்வழிக் குலத்தைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்ததும், முறைப்படி தான் மூத்தவன் என்று உரிமை கொண்டாடி, முதலில் நன்றாக அடி வாங்குகிறான். பிறகு அந்த ரௌடியின் தகப்பனாரைப் போய்ப் பார்த்து, அவர் வாயாலேயே மகனுக்கு உத்தரவு போட வைத்து, அவனைத் தன் முன் மண்டியிட்டு வணங்கச் செய்கிறான். இந்த இடம் நம் ஊர்க்காரனுக்கு சப்டைட்டில் இல்லாமலே புரியும். எந்த ஊர், யார் மகன், அம்மா வழியில் யார் என்று விசாரித்து, முறை வைத்து அழைத்த பிறகுதானே இங்கும் அலுவலகங்களில் பல கோப்புகள் நகர்கின்றன?

அதற்குப் பிறகு அவனுடைய ஆயுதம் தொலைபேசி எண்கள் நிறைந்த ஒரு குறிப்பேடு. இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி உண்டு. அதில் தோட்டா கிடையாது. பிடித்துக்கொண்டு போன காவல் நிலையத்திலேயே அதிகாரியை அறைந்து, உன் மேலதிகாரியோடு நேற்றுத்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று மிரட்டுகிறான். 1990 அக்டோபர் 13 அன்று அதிபர் ரோ டே-வூ குற்றத்தின் மீது போர் அறிவித்தார் என்பது வரலாறு. படத்தின் கொரியப் பெயரும் அதுதான். அந்தப் போரில் கத்தி பிடித்தவர்கள் உள்ளே போக, குறிப்பேடு வைத்திருந்தவன் காட்டிக் கொடுத்துத் தப்புகிறான். கடைசியில் அவன் மகன் அரசு வழக்கறிஞராகிறான்; அந்தக் காலத்தில் அங்கே அந்தப் பதவி, புலன்விசாரணையையே நடத்தும் அதிகாரம் படைத்ததாக இருந்தது.

நான் புரட்டிய கட்டுகளிலும் வெட்டியவன் பெயர் இருக்கும், அரிவாளின் நீள அகலம் இருக்கும். வண்டிக்கு யார் பணம் கொடுத்தார், எந்த ஊர் நீதிமன்றத்தில் போய்ச் சரணடையலாம் என்று யார் முன்கூட்டியே ஏற்பாடு செய்தார் என்பதெல்லாம் பெரும்பாலும் இருக்காது. அந்த இடைவெளியைத்தான் இந்தப் படம் நிரப்புகிறது.

தென்காசிச் சாரல்:

அண்ணாச்சி சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் உங்களைப் போலக் கட்டுகளைப் படித்த கண்ணோடு பத்தொன்பது வயதுப் பையன் படம் பார்ப்பதில்லை. அவன் கண்ணில் நிற்பது குறிப்பேடு அல்ல. கறுப்புக் கோட்டுப் போட்டுக் கூட்டமாக நடந்து வருகிறார்களே, அந்த நடைதான். 'நியூ வேர்ல்ட்' படத்தின் மின்தூக்கிச் சண்டையை மட்டும் வெட்டி எடுத்து, பின்னணி இசை சேர்த்து, தன் சாதிக்காரர் பெயரைப் போட்டு ஸ்டேட்டஸ் வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும். இயக்குநர் கண்டிக்க நினைத்தாரா என்பது அந்த ஒரு நிமிடத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2001இல் வந்த 'ஃபிரெண்ட்' என்ற படம் பெருவெற்றி பெற்றது முதல், கொரியத் திரையில் ரௌடி என்றாலே பூசான் பக்கத்துக் கொச்சை பேசுகிறவன் என்றாகிவிட்டது. நமக்கு நேர்ந்ததும் அதே கதி அல்லவா? வாழைத்தோட்டத்திலும் பனையேறியின் இடுப்பிலும் இருக்க வேண்டிய அரிவாளைத் தமிழ்ப் படங்கள் நம் எல்லோர் முதுகிலும் செருகிவிட்டன. சென்னையில் வாடகைக்கு அறை கேட்டுப் போனால், திருநெல்வேலியா என்று சிரித்துக்கொண்டே ஒரு தரம் நம் பையைப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கொரியாவில் சீனாவிலிருந்து குடிவந்த கொரிய வம்சாவளியினரை இந்தப் படங்கள் ஓயாமல் கொலைகாரர்களாகவே காட்டியதால், 2017இல் 'மிட்நைட் ரன்னர்ஸ்' வந்தபோது சியோலின் தேரிம்-தோங் பகுதி மக்கள் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். வழக்கு நடந்து, 2020இல் தயாரிப்பு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. சமூகத்தின் ஊழலைத் தோலுரிக்கிறோம் என்று சொல்லும் படங்கள், ஒரு மக்கள் கூட்டத்தின் மீது எவ்வளவு சுலபமாகச் சேற்றை வாரிப் பூசுகின்றன என்பதையும் உங்கள் கூட்டத்தில் பேசுவீர்களா?

அம்பைக்காரி:

நீங்கள் இருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். 'நியூ வேர்ல்ட்' படத்தில் கும்பலுக்குள் ஒளிந்து வேலை செய்யும் காவலனின் கர்ப்பிணி மனைவியே, அவனைக் கண்காணித்துக் காவல்துறைக்குத் தகவல் சொல்லும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறாள். 'கோ' என்ற பலகை விளையாட்டைச் சொல்லித்தரும் ஆசிரியையாக நடித்து அவனுக்கும் மேலதிகாரிக்கும் தொடர்பாக இருக்கும் இன்னொரு பெண், டிரம்முக்குள் அடைபட்டு அவன் கையாலேயே சாகிறாள். இருவரையும் அந்த நிலைக்குக் கொண்டுவந்தது கும்பல் மட்டும் அல்ல, சட்டத்தின் பக்கம் நின்ற அதிகாரியும்தான். இதுவே கடைசி வேலை, இதை முடித்தால் விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாரே, அவரைத்தான் எனக்கு ஒப்பவில்லை. உண்மை தெரிந்தும் காட்டிக் கொடுக்காமல் சாகும் ரௌடியிடம் அவரைவிட அதிக விசுவாசம் இருப்பதாகப் படம் காட்டுகிறது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வருகிறது: ரௌடிகளின் நட்பை இவ்வளவு உருக்கமாகக் காட்டிவிட்டு, அந்தக் காவலன் கும்பலின் தலைவனாகி நாற்காலியில் அமரும்போது நாம் வருந்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? நான் பார்த்தபோது என் தம்பி கைதட்டினான்.

பாளைவாசி:

அம்பை அக்கா சொன்ன கைதட்டல்தான் என் அச்சமும். அண்ணாச்சி, நீங்கள் சொன்ன படத்தில் அந்த ஆபத்து இல்லையா?

குறுக்குத்துறையான்:

குறைவு, தம்பி. அந்த நாயகனைப் பார்த்து எவனும் நடை பழக மாட்டான். தொப்பையும் வாய்ச்சவடாலும் கெஞ்சலுமாக இருப்பான். அவனைப் பார்த்துச் சிரிப்பு வரும், பிறகு அவனைப் போன்ற ஒருவர் நம் கல்யாண வீடுகளில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வரும். கொரியாவில் அது பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் பெற்ற படம். ஆகவே பள்ளிப் பிள்ளைகள் யாரையும் உள்ளே விடாதீர்கள். 133 நிமிடம் ஓடும். மாலை ஐந்தரைக்குத் தொடங்கினால்தான் பேச நேரம் கிடைக்கும்.

தென்காசிச் சாரல்:

சம்மதம், நானும் வருகிறேன். படம் முடிந்ததும் முதல் கேள்வியை என்னிடம் விட்டுவிடுங்கள்: அந்த மகன் படித்து அரசு வழக்கறிஞரானது யாருடைய பணத்தில் என்று கேட்கப்போகிறேன். பூசான் கொச்சையைப் பற்றியும் பத்து நிமிடம் வேண்டும், அண்ணாச்சி. அதைக் குறைக்க மாட்டேன்.