டர்னில் ப்ளஃப்: ஏஸ் விழுந்தும் மாமா ஏன் மடக்கவில்லை?

தேவகோட்டைத் தம்பி

பொங்கலுக்குக் கண்டனூரில் அப்பத்தா வீட்டில் கூடினோம். பட்டாலையில் ஜமுக்காளம் விரித்து ஒன்பது பேர் போக்கர் டோர்னமெண்ட் ஆடினோம். காசு கிடையாது. சோழி ஒன்றுக்கு 1,000, புளியங்கொட்டை ஒன்றுக்கு 100 என்று கணக்கு. ஜெயித்தவருக்குத் தோற்றவர்கள் ராத்திரிச் சாப்பாடு வாங்கித் தரவேண்டும்.

ஐந்து பேர் மிச்சம் இருந்தபோது பிளைண்ட் (சீட்டு பார்க்குமுன் இருவர் கட்டாயமாக வைப்பது) 500/1,000, பெரிய பிளைண்டில் இருப்பவர் அதற்கு மேல் வைக்கும் ஆண்டி 1,000. பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடம்) என்னிடம் 28,000, கையில் ஆட்டின் ராஜா, டைமன் ராணி. 2,200க்கு ஏற்றி ரெய்ஸ் பண்ணினேன். பெரிய பிளைண்டில் இருந்த மாமா மட்டும் கால், அதாவது ஈடு போட்டு உள்ளே வந்தார். அதற்கப்புறம் அவரிடம் 10,800 இருந்தது.

ஃப்ளாப் (எல்லாருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டு) இஸ்பேட் 9, இஸ்பேட் 8, டைமன் 6. அவரும் செக் (எதுவும் வைக்காமல் நகர்த்துவது), நானும் செக். டர்னில் (நான்காவது பொதுச்சீட்டு) கிளாவர் ஏஸ். மாமா மறுபடி செக். ஃப்ளாப்பில் சும்மா இருந்துவிட்டு டர்னில் அடிப்பதை (பந்தயம் வைப்பதை) பற்றி வீடியோவில் பார்த்திருந்தேன், இதுதான் சமயம் என்று மூன்று சோழியை எடுத்து வைத்தேன். மாமா ஆல்-இன், இருந்த மொத்தத்தையும் தள்ளினார். நான் சீட்டை மடக்கி ஒதுங்கினேன். 9-7ஐத் திருப்பிக் காட்டிவிட்டுப் பணியாரம் சாப்பிடப் போய்விட்டார்.

நல்ல கை இருப்பதுபோல் நடிக்கும் இந்த ப்ளஃப் எப்போதுதான் அடிக்கவேண்டும்?

ஜோக்கர் பாண்டி

மாமாவிடம் அடிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

வளவு வீட்டுக்காரன்

தம்பி, காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். ஆறு வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பழகிய ஆட்டம் இது, சொல்லாமல் போக மனசு வரவில்லை.

ஃப்ளாப்பில் நீங்கள் செக் பண்ணியது சரி. 9-8-6 பெரிய பிளைண்டுக்குப் பிடித்த ஃப்ளாப். ஏற்கெனவே 1,000 போட்டுவிட்டதால் 9-7, 10-7, 5-5 என்று எதை வைத்துக்கொண்டும் மலிவாக உள்ளே வந்திருப்பார். உங்கள் ராஜா ராணிக்கு அங்கே வேலையே இல்லை, அடித்தால் ஆல்-இன்தான் திரும்பி வரும். டர்னில் ஏஸும் நல்ல சீட்டு. பட்டனில் ரெய்ஸ் பண்ணி ஃப்ளாப்பில் அடங்கிப்போகிறவன் கையில் ஏஸ் இருப்பது சகஜம், அதனால் உங்கள் கதை நம்பும்படிதான் இருக்கிறது.

விலையையும் பாருங்கள். நடுவில் சேர்ந்த பாட் 5,900, நீங்கள் வைத்தது 3,000. மூன்று தடவைக்கு ஒன்றுக்குச் சற்று மேலே அவர் மடக்கினாலே கட்டுப்படியாகும். ஃப்ளாப்பில் ஒன்று, டர்னில் ஒன்று என்று இரண்டு தோட்டா செலவழிக்காமல் ஒன்றோடு முடிப்பதால்தான் இதை எனக்குப் பிடிக்கும்.

கோளாறு ஆளிலும் அவர் சிப்பிலும் இருக்கிறது. 10,800 என்றால் பதினொரு பிளைண்டுகூட இல்லை. அந்த அளவில் உட்கார்ந்திருப்பவர் ஒன்று மடக்குவார், இல்லை மொத்தத்தையும் தள்ளுவார். ஒரு ஜோடியும், 10 அல்லது 5 வந்தால் ஸ்ட்ரெயிட்டும் (வரிசையாக ஐந்து சீட்டு) வைத்திருப்பவர் ஏன் மடக்கவேண்டும்? அவரிடம் இருபது முதல் நாற்பது பிளைண்ட் இருந்திருந்தால் யோசித்திருப்பார். பரிசு வட்டம் நெருங்கும்போது அந்த நடுத்தர ஆட்கள்தான் அதிகம் பயப்படுவார்கள், வெளியே போனால் இழப்பது நிறைய. மேசையிலேயே பெரிய குவியல் வைத்திருப்பவர் வேடிக்கை பார்க்கவே கால் போடுவார், அவரையும் விட்டுவிடுங்கள். ஃப்ளாப்பை மூன்று பேர் பார்த்தால் இந்த ஆசையே வேண்டாம், ஒருத்தரிடமாவது ஏதாவது ஒட்டியிருக்கும்.

செக்கிலும் வித்தியாசம் இருக்கிறது. பெரிய பிளைண்டுக்காரர் ஃப்ளாப்பில் செக் பண்ணுவது வெறும் பழக்கம், ரெய்ஸ் பண்ணியவனுக்கு வழிவிடுகிறார். டர்னில் பண்ணும் இரண்டாவது செக்தான் பேசும். ஸ்ட்ரெயிட் மாதிரி கைகள் சேர வாய்ப்புள்ள இவ்வளவு ஈரமான போர்டில் (பொதுச்சீட்டுகளில்) நல்ல கை வைத்திருப்பவர் இன்னொரு சீட்டை இலவசமாகக் காட்டமாட்டார், தானே அடித்துவிடுவார். நீங்கள் முதலில் பேசவேண்டிய இடத்தில் இருந்தாலும் இதே கணக்குதான்: நீங்கள் செக், பின்னால் இருப்பவரும் செக் என்றால் டர்னில் தைரியமாக அடிக்கலாம்.

கையையும் பார்த்து அடியுங்கள். ஜாக்கி-10 இருந்தால் 7 வந்தாலும் ராணி வந்தாலும் ஸ்ட்ரெயிட், அதை வைத்து அடிப்பது உங்கள் ராஜா ராணியைவிட எவ்வளவோ மேல். நடு ஜோடி இருந்தால் பேசாமல் கடைசிவரை செக் பண்ணிப் போங்கள், அது காட்டி ஜெயிக்கிற கை. டர்னில் கால் விழுந்துவிட்டால் ரிவரில் (கடைசிப் பொதுச்சீட்டில்) நான் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொள்வேன்.

கோட்டையூரில் ஒரு கல்யாண வீட்டில் இதையே வரிசையாக மூன்று தடவை அடித்தேன். எதிரே ஒரு ஆச்சி, ரிட்டயர்டு டீச்சர். சோழியைப் பல்லாங்குழிக்கு எண்ணுவது மாதிரி ஐந்து ஐந்தாக அடுக்கிக்கொண்டே, "முதல்ல சும்மா இருந்தா அடுத்ததுல அடிக்கிறே. முகப்புல நின்னாலே உன் பின்கட்டு தெரியுதப்பா" என்றார். நான்காம் தடவை அவர் திருப்பி அடித்ததில் நான் வெளியே. அதிலிருந்து ராஜா-7-2 மாதிரி காய்ந்த ஃப்ளாப்பில் ஏஸ் ஜோடி இருந்தால்கூடச் சில தடவை செக் பண்ணிவிடுகிறேன். அப்போதுதான் என் செக்குக்கு ஒரு மரியாதை இருக்கும்.

ஒன்று கேட்கவேண்டும். ஒட்டிய கை வைத்துக்கொண்டு உங்கள் மாமா இரண்டாவது தடவையும் ஏன் செக் பண்ணினார்? அது எனக்கு இடிக்கிறது.

ஜோக்கர் பாண்டி

அண்ணே, இதையெல்லாம் காசு வைத்துப் பழக ஆன்லைனில் நல்ல தளம் ஏதாவது உண்டா?

வளவு வீட்டுக்காரன்

2025 ஆகஸ்டில் மத்திய அரசு ஆன்லைன் பண விளையாட்டையே தடை செய்தாயிற்று தம்பி. புளியங்கொட்டை போதும்.

தேவகோட்டைத் தம்பி

அண்ணே, மாமாவுக்கு போன் போட்டேன். அவர் சொன்னது அப்படியே: "ஏஸ் விழுந்ததும் நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள உன் கை சோழிக்குப் போயிடுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு விரலால தள்ளிட்டு இருந்தே. நானே அடிக்கலாம்னுதான் இருந்தேன். சரி, பிள்ளை ஆசையா எண்ணி வச்சிருக்கான், போடட்டும்னு செக் சொன்னேன்."

சிவராத்திரிக்கு ஊருக்கு வரும்போது மறுபடி ஆட்டம் இருக்கிறது. கையை முட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டு ஆடப்போகிறேன்.