ஆதித்த கரிகாலன் கொலை: துப்பறியும் நாவலுக்கு எந்தச் சான்றில் தொடங்குவது?

கேள்வி: சோழ இளவரசனும் ராஜராஜனின் அண்ணனுமான ஆதித்த கரிகாலனின் கொலையை இக்காலத் தொல்லியலாளர் ஒருவர் திரும்ப விசாரிப்பதாக நாவல் எழுதுகிறேன். அவர் கையில் முதலில் எந்த ஆவணத்தைக் கொடுக்கலாம்?

பதில் 1: சந்தேகமே வேண்டாம், காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டுதான். சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்று துரோகிகளின் பெயரே அதில் இருக்கிறது. 'பிரமாதிராசன்' அந்தண அதிகாரிகளுக்குச் சோழர் தந்த பட்டம். 'பஞ்சவன்' பாண்டியனின் பெயர். ஒரே ஆளின் பட்டத்தில் இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. உங்கள் துப்பறிவாளர் இங்கேயே இரண்டு அத்தியாயம் தங்கலாம்!

பதில் 2: பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அது ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு என்பதால், தண்டனையும் அப்போதுதான் என்று எழுதிவிடுகிறார்கள். அது தீர்ப்பு ஓலை அல்ல. துரோகிகளுடையதும் அவர்களின் உறவினர்களுடையதுமான நிலம் விற்கப்பட்ட பதிவு. தண்டனை அதற்கு முன்பே நடந்திருக்கலாம். கொலைக்குப் பின், ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தமசோழன் மேல் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி வைத்த சந்தேகமும், இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தாரின் மறுப்பும் கொலைக்கும் கல்வெட்டுக்கும் நடுவிலான இந்த இடைவெளியைச் சுற்றித்தான்.

பதில் 3: ராஜராஜனின் மகன் ராஜேந்திர சோழன் வெளியிட்ட திருவாலங்காட்டுச் செப்பேட்டையும் சேருங்கள். ஆதித்தன் விண்ணுலகம் காணும் ஆசையில் மறைந்தான் என்கிறது. கொலை என்ற சொல்லே கிடையாது. அரச குடும்பத்தின் வாக்குமூலமாக அதை வையுங்கள்.