"லைன்" ஒரே சொல்லா, பல சொல்லா? மகளுக்குச் சொல்லிக்கொடுக்கணும்

எட்டூர் கடல்காரன் (கேள்வி):

எங்க ஊர் தூத்தூர் பக்கம். பதினாறு வயசுல போட்டு ஏறினவன். இருபத்திரண்டு வருஷமா சுறாவுக்கும் சூரைக்கும் ஆயிரங்கால் தூண்டில் (ஒரே நீளக் கயிறுல வரிசையா முள்ளு தொங்கும்) போடுற தொழில். போட்டுல அதை யாரும் முழுப்பேரைச் சொல்லி நிக்கமாட்டோம், "லைன்" தான். லைன் இறக்கு, லைன் வாங்கு, லைன் சிக்கிட்டு. அதனால அந்த ஒரு இங்கிலீஷ் சொல்லாவது எனக்கு நல்லாத் தெரியும்னு நெனச்சிருந்தேன்.

மகள் எட்டாம் கிளாஸ். நாற்பது நாள் கழிச்சு கரைக்கு வந்த அன்னைக்கு ராத்திரி வீட்டுப்பாடத்தை எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்தாள். "லைன்" வர்ற வாக்கியமா ஆறு இருந்திச்சு, ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் எழுதணும். முதல்ல "டோ த லைன்". நான் யோசிக்கவே இல்லை. நடுக்கடல்ல எஞ்சின் நின்னுபோச்சுன்னா இன்னொரு போட்டு வந்து கயிறு போட்டு இழுக்கும், அதுக்கு டோ பண்றதுன்னு சொல்லுவோம். "கயிறு கட்டி இழுத்தல்னு எழுது மக்கா"ன்னு சொன்னேன். மறுநாள் சிவப்பு மையில தப்புப் போட்டு வந்திச்சு. சரியான பதில் என்னன்னு பக்கத்துல எழுதவும் இல்லை. பிள்ளை கோவிக்கல, "பரவால்லப்பா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாள். எனக்குத்தான் அன்னைக்குச் சோறு இறங்கல.

மிச்சம் அஞ்சு: ஹோல்டு த லைன், டிராப் மீ எ லைன், ரீட் பிட்வீன் த லைன்ஸ், ஷீ ஃபர்காட் ஹெர் லைன்ஸ், ஹூக் லைன் அண்ட் சிங்கர். கடைசி எனக்குப் புரியுது. முள்ளு, நரம்பு, ஈயக்குண்டு. ஆனா புத்தகத்துல "முழுசா ஏமாறுதல்"னு போட்டிருக்கு. அகராதியைத் திறந்தா இந்தச் சொல்லுக்கு மட்டும் ஒரு பக்கத்துக்கு மேல ஓடுது. இதெல்லாம் ஒரே சொல்தானா, இல்லை எழுத்து ஒத்துப்போன வேற வேற சொல்லா? எல்லாத்தையும் உருப்போடாம மனசுல நிக்க வழி இருக்கா? அடுத்த வாரம் திரும்பக் கடலுக்குப் போகணும். அதுக்குள்ள அவளுக்கு ஒழுங்காச் சொல்லிக் கொடுத்துட்டுப் போகணும்.

குலசேகரம் லைன்மேன்:

அண்ணே, எனக்குப் பேர்லயே அந்தச் சொல் இருக்கு. எங்களுக்கு லைன்னா கரண்டுக் கம்பி. கம்பத்துல ஏறுறதுக்கு முன்னாடி எல்.சி. வாங்கணும், அதாவது லைன் கிளியர். அதை வாங்காம கை வைக்கக்கூடாது. ரயில்ல ஸ்டேஷன் மாஸ்டரும் லைன் கிளியர்னுதான் சொல்லுவாரு. அங்க அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் தண்டவாளத்துல வண்டி இல்லைன்னு அர்த்தம், இங்க கம்பியில கரண்டு இல்லைன்னு அர்த்தம். 2017 நவம்பர் 30-ல ஒக்கி புயல் அடிச்சப்ப (உங்க ஊர்க்காரங்ககிட்ட அந்தப் பேரைச் சொல்ல எனக்கு மனசு வராது) ரப்பர் மரமெல்லாம் கம்பி மேல விழுந்து கிடந்திச்சு. அந்த நாட்கள்ல ஒரு நாளைக்கு எத்தனை தடவை "லைன் கிளியரா"ன்னு கேட்டிருப்போம்னு கணக்கே கிடையாது.

இன்னொண்ணு. என் அம்மா ரப்பர் எஸ்டேட்ல பால் வெட்டினவங்க. நாங்க வளர்ந்தது லைன் வீட்டுல. ஒரே சுவர், ஒரே கூரை, வரிசையா பத்து வீடு. அதுவும் இந்த லைன்தான்னு நெனைக்கேன்.

தக்கலை டீச்சர்:

தம்பி, முப்பத்தோரு வருஷம் இங்கிலீஷ் எடுத்து ரிட்டயர் ஆனவளாக்கும் நான். முதல்ல ஒண்ணு சொல்லட்டும். பதில் தப்பானாலும் நீங்க பிடிச்ச வேர் தப்பில்லை. இது ஒரே சொல்தான். அது பிறந்த இடத்துக்கு அந்த வகுப்பிலேயே ரொம்பப் பக்கத்துல இருக்கிற ஆள் நீங்கதான்.

ஆளிவிதை தெரியுமில்லையா? அந்த ஆளிச் செடிக்கு லத்தீன்ல லினும்னு பேர். அதோட தண்டுல நார் எடுத்துத் திரிச்ச நூலுக்கு லினியா. அதுலேர்ந்து வந்ததுதான் லைன். லினன் துணி, அந்த விதையில ஆட்டுற லின்சீட் எண்ணெய் எல்லாம் அதே குடும்பம். ஆக முதல்ல அது நூல், கயிறு. உங்க கையில இருக்கிற தூண்டில் நரம்பு இன்னைக்கும் அந்தப் பழைய அர்த்தத்துலேயே நிக்குது.

இனி அந்த நூலை இழுத்துப் பிடிங்க. இழுத்த நூல் நேரா நிக்கும், அது கோடாச்சு. நம்ம கொத்தனார் செங்கல் வைக்கும்போது நூல் பிடிக்கிறாரு பாருங்க, அதேதான். நேரா அடுக்கினா வரிசை. லைன்மேன் தம்பி சொன்ன லைன் வீடு அங்க வந்திடும். நீளமா ஓடினா தண்டவாளம், கரண்டுக் கம்பி, டெலிபோன் கம்பி. "ஹோல்டு த லைன்"னா போனை வைக்காதீங்க, கம்பியை விடாதீங்கன்னு அர்த்தம். பட்டாளத்துல அதையே சொன்னா, நிக்கிற வரிசையை விட்டு ஒரு அடி பின்வாங்காதேன்னு அர்த்தம். தாளில் ஓடினா எழுத்து வரி. "டிராப் மீ எ லைன்"னா நாம "நாலு வரி எழுதிப் போடு"ன்னு சொல்லுவோமே, அது. நாடகத்துல அவளுக்குள்ள வரிகள் மறந்துபோச்சுன்னா வசனம் மறந்துட்டாள். வரிக்கு நடுவுல படிக்கிறதுன்னா எழுதாம விட்டதைப் புரிஞ்சுக்கிறது.

இப்ப உங்க "டோ". இங்கிலீஷ்ல இழுக்கிறதுக்கும் டோ, கால்விரலுக்கும் டோ. காதுக்கு ஒரே சத்தம், எழுத்து வேற. இங்க வர்றது கால்விரல். ஸ்கூல் விளையாட்டு விழாவுல சுண்ணாம்புத் தூளால கோடு போட்டு, ஓட்டக்காரப் பிள்ளைகளை விரல் நுனி கோட்டுல படுற மாதிரி நிறுத்துவோமில்லையா? தாண்டவும் கூடாது, பின்னால நிக்கவும் கூடாது. அப்படி, சொன்ன கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு நடக்கிறதாக்கும் "டோ த லைன்". இங்கிலீஷ்காரங்களே இதை இழுக்கிற டோ போட்டு எழுதிடுவாங்க, நான் எத்தனையோ இடத்துல பாத்திருக்கேன். திருத்தினவங்க சரியான விடையையும் எழுதியிருக்கலாம். சும்மா சிவப்புக் கோடு போட்டா பிள்ளை என்ன படிக்கும்? எனக்கு அது மனசுக்கு ஒப்பல.

ஹூக், லைன், சிங்கர்: இரையை மட்டும் கொத்துற மீன் தப்பிக்கும். முள்ளு, நரம்பு, ஈயம் மூணையும் முழுங்கின மீனை நெனச்சுப் பாருங்க. புளுகை அப்படியே நம்பினவனுக்கு அந்த உவமை. இதை எந்த டீச்சரைவிடவும் நீங்கதான் நல்லா விளக்க முடியும்.

எனக்கு மனசை உறுத்துற லைன் ஒண்ணு இருக்கு. கடைசித் தேதிக்கு டெட்லைன்னு எல்லாரும் சாதாரணமாச் சொல்றோம். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1864-ல, ஜார்ஜியாவில ஆண்டர்சன்வில் சிறைமுகாம்ல, மதிலுக்கு உள்ளே தாழ்வா ஒரு மரவேலி இருந்திச்சு. கைதி அதைத் தாண்டினா காவலுக்கு நிக்கிறவன் சுட்டிடுவான். அந்த வேலிக்குத்தான் டெட்லைன்னு பேர். பத்திரிகைக்காரங்க பின்னால அதை நேரக் கெடுவுக்கு எடுத்துக்கிட்டாங்க.

உருப்போடாம இருக்க வழி கேட்டீங்க. "நூல்"னு நம்ம சொல்லையே பக்கத்துல வச்சுக்கோங்க. தைக்கிறதும் நூல், படிக்கிற புத்தகமும் நூல், ஆசாரி அளவுல எட்டு நூல் சேர்ந்தா ஒரு இஞ்ச். இங்கிலீஷ்லயும் முன்னே லைன்னு ஒரு அளவு இருந்திச்சு, அங்க பன்னிரண்டு சேர்ந்தா ஒரு இஞ்ச். ஒருத்தர் மனசுல என்ன இருக்குன்னு அறிய "நூல் விட்டுப் பாக்கிறது"ன்னு சொல்றோம். யாராவது நம்மகிட்ட வந்து நூல் ஒரே சொல்லா, பத்துச் சொல்லான்னு கேட்டா நாம தடுமாறவே மாட்டோம். லைனையும் அப்படிப் பாக்கச் சொல்லுங்க.

வடசேரி தையல் கடை:

டீச்சர், லினன் குடும்பம்னு சொன்னீங்களே, ஜாக்கெட்டுக்கு வைக்கிற லைனிங்கும் அதுல சேருமா? கோடுன்னு சொல்ற லைனுக்கும் உள்துணிக்கும் என்ன சம்பந்தம்னு பதினெட்டு வருஷமா நெனச்சிருக்கேன். கேக்க ஆள் இல்லை. காட்டன் லைனிங்கைத் தண்ணியில நனைச்சுக் காயவச்சு இஸ்திரி போட்டுத்தான் வெட்டணும், இல்லேன்னா முதல் துவைப்புல சுருங்கி மேல்துணி தோள்ல கொசுவிக்கிட்டு நிக்கும். புதுசா வர்ற பிள்ளைகளுக்கு முதல்ல இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். இனி பேருக்கும் காரணம் சொல்லலாமே.

தக்கலை டீச்சர்:

சேரும் மோளே. உடுப்புக்கு உள்ள லினன் துணி வச்சுத் தைச்சதால அந்த வேலைக்கே லைன் பண்றதுன்னு பேர் வந்திச்சு. இப்ப காட்டன் வச்சாலும் பட்டு வச்சாலும் பேர் மாறல. உங்க லைனிங் கோட்டுலேர்ந்து வரல, நேரா ஆளி நாருலேர்ந்து வந்ததாக்கும்.

எட்டூர் கடல்காரன்:

டீச்சருக்கும் மத்தவங்களுக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி கூடையிலேர்ந்து ஒரு பாகம் தங்கூஸ் நரம்பை வெட்டி எடுத்தேன். ஒரு முனையை ஜன்னல் கம்பியில கட்டி, மறுமுனையை அவ கையில கொடுத்தேன். இழுத்துப் பிடிச்சாள். "இதுதாம்மா லைன், மத்ததெல்லாம் இதுலேர்ந்து வந்தது"ன்னு சொன்னதும் ஒவ்வொண்ணா அவளே சொல்லிக்கிட்டு வந்தாள். போன், வரி, வரிசை. கடைசியா நரம்பைத் தரையில போட்டுக் கால்விரலை அதுல வச்சு நின்னு, "இப்ப டோ த லைன் அப்பா"ன்னாள். நானும் பக்கத்துல போய் நின்னேன்.

பூமத்திய ரேகையையும் இங்கிலீஷ்ல லைன்னு சொல்லுவாங்கன்னு அகராதியில அவதான் கண்டுபிடிச்சாள். தெக்க டீகோ கார்சியா திசையில ஒருதடவை ரொம்பத் தூரம் போனப்ப நான் அதைத் தாண்டியிருக்கேன். கடல்ல ஒரு அடையாளமும் இல்லை. ஜிபிஎஸ்ல பூச்சியம் வந்து, வடக்குக்குள்ள எழுத்து போய் தெற்குக்குள்ள எழுத்து வந்திச்சு, அவ்வளவுதான். அதைக் கேட்டதும் சொந்தமா ஒரு வாக்கியம் எழுதிட்டாள்: மை ஃபாதர் கிராஸ்டு த லைன். இதைத் தப்புன்னு சொல்லமாட்டாங்களே டீச்சர்? இன்னொரு சிவப்புக் கோடு அவ நோட்டுல வரக்கூடாது.

தக்கலை டீச்சர்:

அப்படியே விட்டா "அப்பா எல்லை மீறிட்டார்"னு படிச்சிடுவாங்க தம்பி. வாக்கியத்துக்குள்ள "இன் ஹிஸ் போட்"னு சேர்க்கச் சொல்லுங்க. பூமத்திய ரேகையைச் சொல்லும்போது லைனோட முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாப் போடுற வழக்கம் உண்டு, அதையும் போடட்டும்.