“அப்படியானால் இதை ஏன் பொம்மையாக வரைய வேண்டும்?” – அனுபவங்களைப் பகிருங்கள்

மின்மினி:

போரில் தனித்துவிடப்பட்ட அண்ணன் தங்கையைப் பற்றிய ஜப்பானிய அனிமேஷன், ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ படத்தை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உறவினர் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து மடிக்கணினியில் அதைப் போட்டேன். சித்தப்பா எட்டிப் பார்த்தார். “கார்ட்டூனா? பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வை, கொஞ்ச நேரம் வீடு அமைதியாக இருக்கும்” என்றார். “இது அவர்களுக்கான படம் இல்லை சித்தப்பா” என்றேன். “பொம்மைப் படத்தில் என்னப்பா இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே மூன்று பேரைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

தொடக்கக் காட்சி நினைவிருக்கிறதல்லவா? ரயில் நிலையத் தூணில் சாய்ந்தபடியே அந்தப் பையன் இறந்துபோகிறான். துப்புரவு ஊழியர் அவனிடமிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து இருட்டில் வீசுகிறார். மூடி கழன்று உள்ளே இருந்த தங்கையின் எலும்புத் துண்டுகள் புல்லில் சிதறுகின்றன. கடைக்குட்டி என் சட்டையை இழுத்து, “அண்ணா, அது மிட்டாயா?” என்று கேட்டாள். அவளுக்கு அடுத்தவன் எட்டாவது படிக்கிறான். அவன் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. நான் கணினியை மூடினேன்.

பிறகு நடந்ததுதான் இன்னும் ஆறவில்லை. விஷயம் தெரிந்ததும் சித்தப்பா என்மீதே பாய்ந்தார். “எலும்பையும் பிணத்தையும் காட்டுகிற கதையை எதற்குப் பொம்மையாக வரைகிறார்கள்? ஆட்களை வைத்து எடுத்திருந்தால் பார்த்ததுமே தெரிந்துகொண்டிருப்போமே!” பிள்ளைகளைத் தள்ளிவிட்டவர் அவர், திட்டு எனக்கு. அதுகூடப் போகட்டும். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் வரவில்லையே என்பதுதான் உறுத்துகிறது. உங்களில் யாராவது இப்படி மாட்டிக்கொண்டதுண்டா?

இடைச்சட்டகம்:

எனக்கு இதுதான் பிழைப்பு, 2டி அனிமேஷன். உங்கள் சித்தப்பாவுக்குச் சம்பளம் கொடுத்துக் கோட்டும் போட்டுவிட்டால் அவர்தான் என் வாடிக்கையாளர்.

நினைவிழப்பு நோயாளிகளைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு ஒரு பயிற்சிப் படம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஒரு முதியவர் சட்டைப் பொத்தானைப் போடுகிறார். மேல் பொத்தான் இரண்டாவது துளையில் நுழைந்துவிடுகிறது. அவருக்கு ஏதோ சரியில்லை என்று தெரிகிறது, எது என்று தெரியவில்லை. விரல்கள் அப்படியே நிற்கின்றன. நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்), ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு சட்டகம் நிறுத்தினாலும் நொடிக்குப் பன்னிரண்டு ஓவியம். ஆனால் கை ‘நிற்பதை’ வரைவதுதான் கொடுமை. ஒரே ஓவியத்தை அப்படியே நிறுத்தினால் பிணத்தின் கை ஆகிவிடும். கோடு கொஞ்சம் உயிரோடு நடுங்க வேண்டும், நகரவும் கூடாது. அந்த இடத்துக்காக நான் எத்தனை தாள் கிழித்தேன் என்பது என் குப்பைக்கூடைக்குத் தெரியும்.

திரையிட்டுக் காட்டினேன். அறையில் மூத்த அதிகாரி ஒருவர் தலையை ஆட்டி ரசித்தார். பிறகு சொன்னார்: “அருமை. கண்களை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிவிடுங்கள். பார்க்கச் செல்லமாக இருக்கும்.”

செல்லமாக! மனைவியின் முகம் மறந்துபோன மனிதர்!

படித்தவர்கள், இதே தொழிலில் இருப்பவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2022 ஆஸ்கர் விழாவில் அனிமேஷன் விருதை அறிவிக்க வந்தவர்கள், குழந்தைகள் இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதையும் பெற்றோர் படும் பாட்டையும் வைத்துத்தான் நகைச்சுவை செய்தார்கள். அந்த வருடப் பரிந்துரைப் பட்டியலில் ‘ஃப்ளீ’ இருந்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பி ஓடிய ஓர் அகதியின் உண்மைக் கதை. அதை எந்தக் குழந்தை திரும்பத் திரும்பப் பார்க்கும்?

பழைய ரீல்:

முதலில் என் கதை, சிறியதுதான். நூலகத்தில் ‘வால்ட்ஸ் வித் பஷீர்’ குறுவட்டைத் தேடினேன். 1982 லெபனான் போரில் தான் இருந்ததையே மறந்துவிட்ட ஒரு படைவீரர் நினைவுகளைத் தேடிப் போகும் படம். முடிவில் ஓவியம் நின்றுபோய், படுகொலைக்குப் பிறகு எடுத்த உண்மையான காட்சிகள் வரும். அது எங்கே இருந்தது தெரியுமா? குழந்தைகள் அடுக்கில், எழுத்துப் பயிற்சிப் பாடல்களுக்குப் பக்கத்தில். முதுகில் மஞ்சள் வாத்துக்குட்டி ஒட்டியிருந்தது. ஊழியரிடம் காட்டினேன். “வரைந்த படமெல்லாம் அங்கேதான் சார் வைப்போம்” என்றார், வரைந்த படம் என்பது ஒரு வயது என்பதுபோல.

ஆனால் மின்மினி, உங்கள் சித்தப்பா இதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு இப்படித்தான் விற்றார்கள். 1930களில் அமெரிக்கத் திரையரங்குகளில் கார்ட்டூன் குறும்படங்கள் முழுநீளப் படத்துக்கு முன்னால் எல்லாருக்கும் ஓடின. அந்தக் காலக் கார்ட்டூன் நாயகி பெட்டி பூப் யாருக்காக வரையப்பட்டவள் என்பது அவளுடைய பாவாடையைப் பார்த்தாலே தெரியும். 1934இல் தணிக்கை விதிகளைக் கறாராக்கிய பிறகுதான் பாவாடை நீண்டது. ‘ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்’ கார்ட்டூன் 1960இல் மாலை நேரத் தொலைக்காட்சித் தொடராக, பெரியவர்களையும் மனத்தில் வைத்துத் தொடங்கியது. அதன் ஆரம்ப விளம்பரதாரர்களில் ஒன்று வின்ஸ்டன் சிகரெட். அதன் நாயகன் ஃப்ரெட்டும் நண்பன் பார்னியும் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து புகைவிடும் விளம்பரத்தைத் தேடிப் பாருங்கள், கண்கள் தாமாகப் பெரிதாகும்!

அதே பத்தாண்டுக்குள் தொலைக்காட்சி நிறுவனங்கள் சனிக்கிழமைக் காலையைக் கார்ட்டூனுக்கு ஒதுக்கின. பெரியவர்கள் தூங்கும் நேரம், பொம்மையும் இனிப்புத் தின்பண்டமும் விற்க வசதியான நேரம். பணம் குறைவு, அதனால் ஓவியங்களும் குறைவு. உடம்பு நிற்கும், வாய் மட்டும் அசையும், பின்னணியில் ஒரே மரம் நான்கு முறை கடந்துபோகும். அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அனிமேஷன் என்றால் அவ்வளவுதான். இதில் ரசனைக் கோளாறு என்று எதையும் நான் பார்க்கவில்லை. ஒளிபரப்பு அட்டவணையின் கோளாறு.

ஜப்பானில் இந்தக் குழப்பமே இல்லை என்று யாரோ கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன். மின்மினி பார்த்த அந்தப் படமும் குழந்தைகள் கொண்டாடும் ‘மை நெய்பர் டோடோரோ’வும் 1988 ஏப்ரலில் ஒரே டிக்கெட்டில் இரட்டைப் படமாகத்தான் வெளியாகின. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போன பெற்றோரை நினைத்துப் பாருங்கள்.

கடைசி வரிசை:

எல்லாரும் சேர்ந்து அழுகிறீர்கள், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

எனக்கு நடந்தது இது. ஓர் அனிமேஷன் படத்துக்குத் தனியாகப் போனேன். வாசலில் டிக்கெட்டைக் கிழிப்பவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் இடுப்பு உயரத்தில் யாராவது வருகிறார்களா என்று குனிந்து தேடினார். “பிள்ளை எங்கே அம்மா?” “பிள்ளை இல்லை, நான்தான்.” கிழித்த பாதியைக் கொடுக்கும்போது, அந்த மனிதர் குரலைத் தாழ்த்தி, “பரவாயில்லை, உள்ளே போங்கள்” என்றார். பரவாயில்லையாம்! ஏதோ மன்னித்துவிடுவதைப்போல. அந்தப் ‘பரவாயில்லை’ இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் இடைச்சட்டகம், பழைய ரீல் இருவரும் பேசும் தொனியில் ஒன்று நெருடுகிறது. ‘குழந்தைகளுக்கானது’ என்பதை நீங்களும் வசவாகத்தான் பயன்படுத்துகிறீர்கள். “போர் இருக்கிறது, பிணம் இருக்கிறது, ஆகவே இது பெரியவர்களின் கலை” என்று சான்று காட்டுகிறீர்கள். அன்று நான் பார்த்தது குழந்தைகளுக்காகவே எடுத்த படம்தான். அதில் ஒரு கிழவி கதவைச் சாத்திவிட்டுத் திரும்பும் விதம் ஒன்று போதும். தோள் முதலில் திரும்புகிறது, தலை சற்றுப் பிந்துகிறது, கை மட்டும் தாழ்ப்பாளை விடவில்லை. அதைக் கவனித்து வரைந்தவர் பார்வையாளரின் வயதைக் கேட்டிருப்பாரா? ரத்தத்தைக் காட்டித்தான் மரியாதை வாங்க வேண்டும் என்றால் அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

தொகுப்பாளன்:

என் மேலதிகாரிக்கு ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’வை, பெரியவர்களுக்கான ஜப்பானிய உளவியல் த்ரில்லரை, பரிந்துரைத்தேன். மறுநாள் பதில் வந்தது: “அனிமேஷன் என்றதும் மகளுக்கு அனுப்பிவிட்டேன், நன்றி.” மகளுக்குப் பத்து வயது. நான் உடனே தொலைபேசியில் கூப்பிட்டேன்.

மின்மினி, உங்களுக்குச் சில யோசனைகள். சித்தப்பாவிடம் ‘அனிமேஷன்’ என்ற சொல்லையே எடுக்காதீர்கள், ‘போர்ப் படம்’ என்று சொல்லுங்கள். வரலாற்றில் ஆர்வம் உள்ளவர் என்றால் ‘பெர்செபோலிஸ்’ நல்ல தொடக்கம். ஈரான் புரட்சிக் காலம், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, 2007 கான் விழாவில் நடுவர் பரிசு வாங்கியது. பரிசு என்றால் பெரியவர்கள் மதிப்பார்கள். வண்ணம் குறைந்த படமாகத் தேர்ந்தெடுப்பது பொதுவாகவே நல்லது, பளிச்சென்ற நிறத்தைப் பார்த்ததும் அவர்கள் மனம் மூடிக்கொள்கிறது. மொழிமாற்றுக் குரல் வேண்டாம், வசன வரி போதும். வாசிக்க வேண்டியிருந்தால் கார்ட்டூன் என்ற எண்ணம் தானே கலையும். முதல் பத்து நிமிடம் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, “இப்போது வருகிறது பாருங்கள்” என்று முழங்கையால் இடிப்பது அறவே கூடாது. இன்னொன்று, தணிக்கைச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். முயல்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும் ‘வாட்டர்ஷிப் டவுன்’ படத்துக்கு 1978இல் பிரிட்டனில் எல்லாரும் பார்க்கலாம் என்று ‘யு’ கொடுத்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் அது, பெற்றோர் வழிகாட்டுதல் தேவை என்னும் ‘பிஜி’ ஆனது. ஆகவே பிள்ளைகள் உள்ள வீட்டில் நீங்கள் முன்கூட்டியே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தேவைப்பட்டால் பெரியவர்களுக்கான படங்களை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், தருகிறேன்.

மின்மினி:

நன்றி, ஆனால் நான் யோசனை கேட்கவில்லை. என் சித்தப்பாவை மாற்றும் உத்தேசமும் இல்லை. ‘ஏன் வரைய வேண்டும்’ என்று அவர் கேட்டதற்குப் பதில் வைத்திருப்பவர்கள் பேசுங்கள்.

வடக்கு ஜன்னல்:

என்னிடம் ஒன்று இருக்கிறது.

இடைச்சட்டகம் சொன்ன ‘ஃப்ளீ’யை அப்பாவோடு பார்த்தேன். அவர் செய்திச் சேனலைத் தவிர எதையும் பார்க்காதவர். முதல் நிமிடத்திலேயே “என்ன இது, படக்கதையா?” என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டார். குரல் மட்டும் அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. பேசுகிறவர் உண்மையான அகதி, குரலும் அவருடையதுதான். ஓரிடத்தில் அவர் சொல்ல வந்ததை நிறுத்திவிட்டு மூச்சுவிடுகிறார். நடிகர்கள் விடும் மூச்சு இல்லை அது. தாள் கீழே இறங்கியது.

“இது நிஜமாகவே அந்த ஆளா?”

“ஆமாம் அப்பா. பெயரை மாற்றிவிட்டார்கள், முகத்தை வரைந்துவிட்டார்கள்.”

கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லது. முகத்தைக் காட்டியிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டான்” என்றார்.

மின்மினி, உங்கள் சித்தப்பாவின் கேள்விக்கு என் அப்பா சொன்னதுதான் என் பதில். கேமராவுக்கு முகம் வேண்டும், ஓவியத்துக்கு வேண்டியதில்லை. முகத்தை மங்கலாக்கிக் குரலைக் கரகரப்பாக்கினால் பார்ப்பவருக்குக் குற்றவாளியின் நினைப்புதான் வரும். இங்கே அந்த மனிதருக்கு ஒரு முகம் கிடைத்தது, ஆபத்து இல்லாத முகம். உங்கள் படத்துக்கும் இது ஓரளவு பொருந்தும். பசியில் சாகும் அந்தத் தங்கைக்கு நான்கு வயது. அந்த வயதில் ஒரு நிஜக் குழந்தையைக் கேமராவின் முன்னால் நிறுத்தி அதை எடுக்கச் சொன்னால், முதலில் எழுந்து போகிறவர் உங்கள் சித்தப்பாவாகத்தான் இருப்பார்.

இடைச்சட்டகம்:

வடக்கு ஜன்னல் சொன்னதை அப்படியே அச்செடுத்து அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போகிறேன். கடைசி வரிசைக்கு ஒரு வரி: கதவைச் சாத்தும் அந்தக் கிழவியைக் கவனித்தீர்களே, அதற்காகவே நீங்கள் சொன்ன மற்றதெல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன்.

பழைய ரீல்:

நான் ஒப்புக்கொள்ளவில்லை, கடைசி வரிசை. போரையும் பிணத்தையும் காட்டித்தான் வாதாட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எதிராளி அங்கேதான் நிற்கிறார். பிணம் வேண்டாம் என்றால் இன்னொரு சான்று தருகிறேன். உலகின் முதல் முழுநீள அனிமேஷன் படம் என்று சொல்லப்படும் ‘எல் அப்போஸ்தொல்’, 1917இல் அர்ஜென்டினாவில் கிரினோ கிரிஸ்தியானி எடுத்தது. அதில் இளவரசியும் இல்லை, பேசும் எலியும் இல்லை. நாட்டின் அதிபரைக் கேலி செய்த அரசியல் நையாண்டி.

தொகுப்பாளன்:

அருமையான தகவல். எங்கே பார்க்கலாம்? என் பட்டியலில் ‘நடுத்தரம்’ பிரிவில் சேர்த்துக்கொள்கிறேன்.

பழைய ரீல்:

‘கடினம்’ பிரிவில் போடுங்கள். பிரதி தீயில் எரிந்துபோய்விட்டது.